பனியா, புகையா: வட்டிக் குறைப்பைக் குறிப்பால் அறிதல்

வட்டியைக் குறைக்கப்போகிறோம் என்று எந்த மத்திய வங்கியும் தேதி குறித்து முன்கூட்டிச் சொல்வதில்லை. அதற்காக ஒன்றுமே சொல்லாமலும் இருப்பதில்லை. பணவீக்கம் தணிகிறது என்று ஒரு வாக்கியம் வரும். சென்ற அறிக்கையில் இருந்த எச்சரிக்கைச் சொல் ஒன்று இந்த முறை காணாமல் போயிருக்கும். ஆறு பேர் குழுவில் ஒருவர் மட்டும் குறைக்கலாம் என்று வாக்களித்திருப்பார். பத்திரச் சந்தையில் இருப்பவர்கள் இவற்றைக் கூட்டிப் பார்த்து, வட்டி குறையும் காலத்தைக் கணக்கிட்டு, குறைப்பு வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே பணத்தை இறக்கிவிடுகிறார்கள். இதன் மேற்பரப்பில் இருப்பது பொருளியல். அடியில் இருப்பது பழைய தத்துவக் கேள்வி. இன்னும் முடிவாகாத ஒன்றைப் பற்றி இன்னொருவர் மனத்தை அறிய முடியுமா? அப்படி அறிந்ததாக நினைப்பது அறிவா, வெறும் ஊகமா?

தமிழில் இந்தக் கேள்விக்குப் பழைய இடம் ஒன்று உண்டு. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 71ஆம் அதிகாரம் பொருட்பாலில், அரசன் முகம் பார்த்து அவன் கருத்தை உணரும் அமைச்சனைப் பற்றியது. 110ஆம் அதிகாரம் காமத்துப்பாலில், தலைவியின் பார்வையைப் படிக்கும் தலைவனைப் பற்றியது. இரண்டு இடத்திலும் ஒரு பொது நிலை உண்டு. குறிப்பு காட்டும் கருத்து ஏற்கெனவே மனத்தில் இருக்கிறது. அரசனுக்குக் கோபம் வந்துவிட்டது, தலைவிக்குக் காதல் பிறந்துவிட்டது. குறிப்பு அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். மத்திய வங்கியின் குறிப்பு அந்த வகையைச் சேர்ந்தது என்று எண்ணித்தான் பெரும்பாலோர் அதைப் படிக்கிறார்கள். அது அந்த வகையைச் சேர்ந்தது அல்ல என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இந்தியாவில் ரெப்போ வட்டியை, அதாவது ரிசர்வ் வங்கி பிற வங்கிகளுக்குத் தரும் குறுகியகாலக் கடனின் வட்டியை, முடிவு செய்வது ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழு. ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தம் இதை உருவாக்கியது. வங்கியின் தரப்பில் மூவர், வெளியிலிருந்து மூவர். வாக்கு சமமானால் ஆளுநரின் வாக்கு முடிவு செய்யும். பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைக்க வேண்டும், மேலும் கீழும் 2 சதவீதம் விலகலாம் என்பது இலக்கு. கூட்டம் முடிந்ததும் ஆளுநர் காலை 10 மணிக்கு அறிக்கை படிக்கிறார். யார் எப்படி வாக்களித்தார், ஏன் என்ற கூட்டக் குறிப்புகள் 14ஆம் நாள் வெளியாகின்றன. இத்தனை வெளிப்படை எப்போதும் இருந்ததில்லை. அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் தன் முடிவைக் கூட்டம் முடிந்ததும் அறிவிக்கத் தொடங்கியதே 1994 பிப்ரவரியில்தான். அதுவரை வங்கி சந்தையில் பத்திரங்களை வாங்குவதையும் விற்பதையும் பார்த்துத்தான் வட்டி மாறியதா என்றே ஊகித்தார்கள்.

குறிப்புக்கு விலை இருப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்தாண்டுப் பத்திரம் ஒருவர் கையில் இருக்கிறது. புதிய பத்திரங்கள் 6 சதவீதத்துக்கு வரத் தொடங்கினால் பழையதற்குக் கிராக்கி கூடும், அதன் விலை சுமார் 107 ரூபாய்க்குப் போகும். குறைப்பு வந்தபின் வாங்குபவருக்கு விலையில் ஏறிய அந்த 7 ரூபாய் கிடைக்காது. குறிப்பிலேயே வாங்கியவருக்குத்தான் கிடைக்கும். ஆகவே அறிவிப்பைவிடக் குறிப்புக்கு மதிப்பு அதிகம். அறிவிப்பு நாளில் பல சமயம் சந்தை அசையாமல் இருப்பதும் இதனால்தான்.

மும்பையின் வணிக அறைகளில் நடக்கும் இந்தக் கணக்கு நீலகிரியில் குன்னூர் வரை வருகிறது. பக்கத்து வெலிங்டன் ராணுவ முகாமில் பணியாற்றி ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலர் இங்கேயே தங்கிவிட்டவர்கள். பென்ஷனோடு வைப்புத்தொகை வட்டியும் சேர்ந்துதான் அவர்கள் வீட்டுச் செலவு. 20 லட்சம் ரூபாய் வைப்பில் வட்டி ஒரு சதவீதம் குறைந்தால் ஆண்டுக்கு 20,000 ரூபாய் போய்விடும். மறுபுறம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. இலைக்குப் பணம் கொடுக்க வேண்டிய நாளும் குன்னூர் ஏலத்தில் தூள் விற்றுப் பணம் வரும் நாளும் ஒன்றல்ல. நடுவில் ஓடுவது வங்கிக் கடன். குறு, சிறு தொழில்களுக்கு வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன் 2019 அக்டோபர் 1 முதல் வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அது ரெப்போதான். 50 லட்சம் ரூபாய்க் கடனில் 1.25 சதவீதம் குறைந்தால் ஆண்டுக்கு 62,500 ரூபாய் மிச்சம். ஒரே தெருவில் ஒருவருக்கு நல்ல செய்தியாக இருப்பது இன்னொருவருக்குக் கெட்ட செய்தி. குறிப்பைப் படிக்க வேண்டியவர்கள் இருவரும்தான்.

படிக்கும் முறையில் முதலாவது, இல்லாததைப் பார்ப்பது. புதிய அறிக்கையையும் பழையதையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் நீங்கியது என்று தேடுகிறார்கள். இந்தியத் தருக்கத்தில் இதற்கு அபாவம் என்று பெயர். ஒன்று இல்லாமையைக் கொண்டு ஒன்றை அறிவது. இரண்டாவது அருத்தாபத்தி. கங்கையில் இடைச்சேரி இருக்கிறது என்றால், தண்ணீருக்குள் ஊர் இருக்க முடியாது, கரையில் இருக்கிறது என்று கொள்வது. மணிமேகலையில் சமயவாதிகள் தத்தம் கொள்கையைச் சொல்லும் காதையில் இந்த அளவைகள் வரிசையாக வருகின்றன. வளர்ச்சி மந்தமாகிறது, விலைவாசியும் தணிகிறது என்று வங்கி இரண்டையும் ஒப்புக்கொண்டால், குறைக்கும் எண்ணம் இல்லாமல் அப்படிப் பேசியிருக்காது என்று முதலீட்டாளர் கொள்வது இதே அருத்தாபத்திதான்.

ஆனால் சொல்லின் பொருள் சொல்லுக்குள் மட்டும் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் “வரேன்” என்கிறார். போகிறார் என்று எல்லோருக்கும் புரிகிறது. வங்கியின் அகராதியில் “நடுநிலை” என்ற சொல் அப்படிப்பட்டது. 2017 பிப்ரவரியில், பலர் குறைப்பை எதிர்பார்த்திருந்த நேரத்தில், வங்கி ரெப்போவை 6.25இலேயே வைத்துத் தன் நிலைப்பாட்டைத் தளர்விலிருந்து, அதாவது குறைக்கத் தயாராக இருக்கும் நிலையிலிருந்து, நடுநிலைக்கு மாற்றியது. கதவு சாத்தப்பட்டது என்று பொருள் கொள்ளப்பட்டது. அன்று பத்தாண்டுப் பத்திரத்தின் வட்டி கடுமையாக ஏறியது. 2024 அக்டோபர் 9இல், தளர்வை விலக்கும் நிலைப்பாட்டிலிருந்து நடுநிலைக்கு வந்தபோது அதே சொல் கதவு திறப்பதாகக் கேட்டது. 2025 ஜூன் 6இல் தளர்விலிருந்து மறுபடி நடுநிலை. அப்போது மறுபடி சாத்தல். ஒரு சொல் எங்கிருந்து வந்து சேர்ந்தது என்பதே அதன் பொருள். அந்தச் சொல்லை மட்டும் செய்தித்தாளில் படிக்கிறவருக்கு நடுநிலை என்பது நடுநிலை என்றுதான் தோன்றும். அவர் மேல் பிழை இல்லை.

உவமை வந்தால் சிக்கல் இன்னும் கூடும். 2024 ஏப்ரலில் அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் பணவீக்கத்தை யானைக்கு ஒப்பிட்டார். யானை நடை போகக் கிளம்பிவிட்டது, காட்டுக்குத் திரும்புவதாகத் தெரிகிறது, அது காட்டிலேயே நிலையாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். குன்னூர் மக்களுக்கு இது உவமை மாத்திரம் அல்ல. பலாப்பழக் காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார், மரப்பாலம் பக்கம் யானைகள் ஏறி வரும். யானை போய்விட்டதா என்பதைச் சாலையோரம் இருப்பவர்கள் பல அடையாளங்களைச் சேர்த்துத்தான் சொல்வார்கள். சாணம் காய்ந்திருக்கிறதா, கிளை முறிந்த இடம் பச்சையாக இருக்கிறதா, நாய் குரைப்பு நின்றதா. எல்லாம் ஒத்து வந்தாலும் மரத்தில் பழம் மிச்சம் இருக்கும்வரை யாரும் நிம்மதியாக வாழைக்குலையை வெளியே வைப்பதில்லை. யானை திரும்புகிறது என்ற பகுதியைக் கேட்டவர்கள் 2024 நடுவிலேயே குறைப்பு வரும் என்று கொண்டார்கள். நிலையாக இருக்க வேண்டும் என்ற பகுதியைக் கேட்டவர்கள் காத்திருந்தார்கள். பேசியவர் இரண்டையும்தான் சொன்னார்.

அக்டோபரில் யானை குதிரையானது. குதிரையை லாயத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம், கதவைத் திறப்பதில் கவனம் வேண்டும் என்றார் தாஸ். காட்டு விலங்கு வீட்டு விலங்காக மாறியதிலேயே குறிப்பு இருக்கிறது என்று படித்தவர்கள் உண்டு. நவம்பர் 12இல் அக்டோபர் மாதப் பணவீக்கக் கணக்கு வந்தது: 6.21 சதவீதம், மேல்வரம்பான 6ஐயும் தாண்டி. காய்கறி விலைதான் பெருங்காரணம். டிசம்பர் 6இல் ரெப்போ 6.50இலேயே நின்றது. வங்கிகள் கட்டாயமாக ரிசர்வ் வங்கியிடம் வைக்க வேண்டிய இருப்பு விகிதம் மட்டும் 4.5இலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. குழுவில் நாகேஷ் குமாரும் ராம் சிங்கும் ரெப்போவையும் குறைக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். சில நாளில் தாஸின் பதவிக்காலம் முடிந்து சஞ்சய் மல்ஹோத்ரா ஆளுநரானார். 2025 பிப்ரவரி 7இல் ரெப்போ 6.25 ஆனது. யானையைப் பற்றிப் பேசியதற்கும் குறைப்புக்கும் நடுவில் பத்து மாதம். குறைத்தவர் யானையைப் பற்றிப் பேசியவரும் அல்ல.

குறிப்பைப் படித்தவர்கள் எங்கே வழுக்கினார்கள்? இதற்கு மணிமேகலையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. அறவண அடிகள் பௌத்தத் தருக்கத்தைச் சொல்லும் காதையில், ஏதுப் போலிகளில் ஒன்றாக, எழுவது பனியா புகையா என்ற ஐயம் தீராத நிலையிலேயே நெருப்பு உண்டு என்று துணிவது குறிப்பிடப்படுகிறது. குன்னூரில் மழைக்கால விடியலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். எதிர்ச்சரிவில் தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் வெண்மையாக ஒன்று எழும்பும். டிரையர் அடுப்பின் விறகுப் புகையா, ஓடையிலிருந்து ஏறும் மஞ்சா என்று சாலையில் நிற்பவருக்குச் சட்டென்று பிடிபடாது. ஓரிடத்திலிருந்தே விடாமல் எழுந்தால், சற்று நீலம் கலந்திருந்தால் புகை. சரிவோடு ஒட்டிப் படர்ந்தால் மஞ்சு. புகை என்றால் ஆலை ஓடுகிறது, இலை எடுப்பார்கள். பிழை செய்யும் இடம் தெரியாமையில் இல்லை. ஐயம் இருக்கும்போதே துணிந்துவிடுவதில் இருக்கிறது. அந்தத் தருக்கநூல் மரபு இதில் காட்டும் கண்டிப்பு எந்த முதலீட்டுக் கையேட்டையும்விடக் கூர்மையானது.

ஆனாலும் அந்த உதாரணம் ஒரு கட்டத்தில் நின்றுவிடுகிறது. எதிர்ச்சரிவில் ஆலை அடுப்பு எரிகிறது அல்லது எரியவில்லை. பார்ப்பவருக்குத் தெரியாவிட்டாலும் உண்மை அங்கே இருக்கிறது. ஏப்ரலில் பேசும் ஆளுநருக்கு அடுத்த பிப்ரவரியின் முடிவு தெரியாது. முடிவே இல்லை. மழை, காய்கறி விலை, கச்சா எண்ணெய், டாலர் எல்லாம் வந்த பிறகுதான் ஆறு பேர் உட்கார்ந்து வாக்களிப்பார்கள். இன்னும் மூட்டாத அடுப்புக்குப் புகை ஏது?

அப்படியானால் குறிப்பு எந்த அளவையில் சேரும்? சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அருணந்தி சிவாசாரியார் அளவைகள் பலவற்றை எண்ணி, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். பெரும்பாலான முதலீட்டாளர்கள் வட்டிக் குறிப்பைக் கருதலாக, அதாவது அனுமானமாக, எடுத்துக்கொள்கிறார்கள். அது உரையின் பாற்பட்டது என்று கொள்வதே பொருத்தம். உரை பிரமாணமாவதற்கு நியாய மரபு வைக்கும் நிபந்தனை, சொல்பவர் ஆப்தராக இருக்க வேண்டும் என்பது. பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பமும் இருக்க வேண்டும். இரண்டாவதில் ரிசர்வ் வங்கிக்குக் குறை சொல்ல இடமில்லை என்று வைத்துக்கொண்டாலும், முதலாவது நிறைவேறாது. வராத காலத்தை நேரில் அறிந்தவர் இல்லை. அதன் உரை பிரமாணமாகும் பகுதி ஒன்றுதான்: எது நடந்தால் எப்படி நடந்துகொள்வோம் என்ற பகுதி. தன் நெறி எது என்பதில் வங்கிக்கு நேரடி அறிவு உண்டு. நாளை நடக்கப்போவதில் இல்லை.

தமிழில் குறி சொல்வது வேறு, வாக்குக் கொடுப்பது வேறு. குறி சொல்பவர் நடக்கப்போவதைச் சொல்கிறார், அது அவர் கையில் இல்லை. வாக்குக் கொடுப்பவர் தான் செய்யப்போவதைச் சொல்கிறார், அதற்குக் கட்டுப்படுகிறார். பொருளியலாளர்களும் மத்திய வங்கியின் முன்னறிவிப்பை இந்த இரண்டாகவே பிரிக்கிறார்கள். கிரேக்கக் கதையிலிருந்து டெல்ஃபி கோவிலின் குறியையும், கப்பல் பாய்மரத்தில் தன்னைக் கட்டிக்கொண்ட ஒடிசியஸையும் பெயராக எடுத்தார்கள். இந்தப் பிரிவினை தமிழனுக்குப் புதிதல்ல. ஆனாலும் அருள்வாக்கு, வாக்குறுதி இரண்டிலும் வாக்கு என்ற ஒரே சொல் நிற்பதைக் கவனிக்க வேண்டும். கேட்பவர் மனத்தில் இரண்டும் எளிதாகக் கலந்துவிடுகின்றன. பணவீக்கம் தணியும் என்று எதிர்பார்க்கிறோம் என்று வங்கி சொன்ன குறியை, வட்டி குறைப்போம் என்ற வாக்காக எடுத்துக்கொண்டு, பிறகு வங்கி வாக்குத் தவறியது என்று வருந்துபவர்கள் ஏராளம். வாக்கைத் தர வங்கி தயங்குவதற்கும் காரணம் உண்டு. இன்று நல்லதாகத் தோன்றும் வாக்கு நாளை கெட்ட முடிவாகலாம். அதைக் காப்பாற்றினால் நாட்டுக்குக் கேடு, விட்டால் சொல்லுக்குக் கேடு. பொருளியலாளர்கள் ஃபின் கிட்லண்டும் எட்வர்ட் பிரெஸ்காட்டும் 1977இல் எழுதிய கட்டுரை இந்த இக்கட்டைப் பற்றியதே.

கோவிலில் பூப்போட்டுப் பார்ப்பதோடு ஒப்பிட்டால் இன்னொரு வேறுபாடு தெரியும். வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, சந்நிதியில் வைத்து, குழந்தையைக் கொண்டு ஒன்றை எடுக்கச் சொல்கிறார்கள். கேட்பவர் எப்படிப் புரிந்துகொண்டாலும் பூவின் நிறம் மாறாது. மத்திய வங்கியின் குறிப்பு அப்படி இல்லை. படிப்பவர்கள் அதைப் படித்த விதத்திலேயே உலகம் மாறுகிறது. வட்டி குறையும் என்று எல்லோரும் நம்பினால் பத்திர வட்டி இப்போதே இறங்கும், கடன் வாங்கும் நிறுவனத்துக்குச் செலவு இப்போதே குறையும். வங்கி செய்ய நினைத்த வேலையில் பாதியைச் சந்தை செய்து முடித்துவிடும். அதன்பின் வங்கி குறைக்க வேண்டிய தேவையே குறையலாம். 2012 ஜூலை 26இல் லண்டனில் அப்போதைய ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ திராகி, யூரோவைக் காக்க என்ன வேண்டுமானாலும் செய்வோம் என்ற பொருளில் பேசினார். இத்தாலி, ஸ்பெயின் பத்திரங்களின் வட்டி இறங்கியது. அதற்காக அறிவித்த திட்டத்தின்கீழ் ஒரு பத்திரம்கூட வாங்க நேரவில்லை. சொல்லே செயலாயிற்று.

இதிலிருந்து தருக்கநூல் கண்டிக்கும் இரு குற்றங்கள் பிறக்கின்றன. ஒன்று, ஒன்றையொன்று பற்றி நிற்றல். சந்தை என்ன நினைக்கிறது என்று அறிய வங்கி பத்திர விலையைப் பார்க்கிறது, வங்கி என்ன நினைக்கிறது என்று அறிய சந்தை வங்கியைப் பார்க்கிறது. இரண்டு கண்ணாடிகள் எதிரெதிரே நின்றால் நடுவில் பொருள் இல்லாமலே பிம்பம் பெருகும். மற்றொன்று அனவத்தை, முடிவில்லாத தொடர். பொருளியலாளர் கெய்ன்ஸ் 1936இல் எழுதிய நூலில் அழகுப் போட்டி உவமை ஒன்று வருகிறது. யார் அழகி என்பதைத் தேர்வதில்லை, மற்றவர்கள் யாரை அழகி என்று தேர்வார்கள் என்பதைத் தேர்கிறார்கள், மற்றவர்களும் அதையே செய்கிறார்கள். குறிப்பைச் சரியாகப் படித்தவர்கூட மற்றவர்கள் தவறாகப் படித்தால் பணத்தை இழக்கிறார். எனவே அவர் குறிப்பை விட்டு, மற்றவர்கள் படிப்பதைப் படிக்கத் தொடங்குகிறார். உண்மையை அறியும் முயற்சி இந்த இடத்தில் கைவிடப்படுகிறது. தத்துவ நோக்கில் இந்தத் தொழிலின் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

2025 ஜூனில் இவை எல்லாம் ஒரே காலையில் நடந்தன. கால் சதவீதம் குறையும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. வங்கி அரை சதவீதம் குறைத்து ரெப்போவை 5.50 ஆக்கியது, இருப்பு விகிதத்தையும் நான்கு தவணையில் 4இலிருந்து 3 சதவீதமாக்குவதாக அறிவித்தது. கூடவே நிலைப்பாடு நடுநிலையானது. இனி வளர்ச்சிக்கு உதவ இடம் குறைவு என்றும் ஆளுநர் சொன்னார். கையில் கொடுத்தது பெரியது, ஆனால் சந்தை எடுத்துக்கொண்டது கடைசி வாக்கியத்தை. அடுத்து வந்த வாரங்களில் நீண்டகாலப் பத்திரங்களின் வட்டி இறங்கவில்லை, ஏறியது. ரெப்போ குறைந்த பிறகு பத்திர வட்டி ஏறுவது வெளியில் நிற்பவருக்கு விந்தையாகத் தோன்றும். எதிர்காலக் குறைப்புகளை ஏற்கெனவே விலைக்குள் வைத்திருந்தவர்களுக்கு அது நியாயமான கணக்கு. ஆகஸ்டிலும் அக்டோபரிலும் ரெப்போ அசையவில்லை. பிறகு அக்டோபர் மாதப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று கணக்கு வந்தது. டிசம்பர் 5இல் ரெப்போ 5.25 ஆயிற்று. இடம் குறைவு என்றதைக் கதவு பூட்டப்பட்டதாகப் படித்தவர்கள் தவறினார்கள். வங்கி பொய் சொல்லவில்லை. ஜூனில் தெரிந்த நிலைமைக்கு அது உண்மை, நிலைமை மாறியது.

இனி எஞ்சுவது அறம். குறிப்பால் பேசுவது, குறிப்பறியத் தெரிந்தவருக்கே பேசுவதாக முடிகிறது. அறிக்கை வந்த சில நொடிகளில் பழையதோடு ஒப்பிட்டுக் காட்டும் இயந்திரங்கள் மும்பையில் இருக்கின்றன. குன்னூரில் வைப்புத்தொகையைப் புதுப்பிக்கப் போகும் ஓய்வூதியர் முன் இருப்பது வங்கியின் பலகையில் ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று எழுதிய வட்டி மட்டும். ஆனாலும் அவர் செய்வதும் அதே பந்தயம்தான். ஐந்தாண்டுக்குப் பூட்டினால் வட்டி குறையும் என்று சொல்லாமல் சொல்கிறார், ஓராண்டுக்குப் போட்டால் ஏறும் என்கிறார். பெரிய முதலீட்டாளர் தவறினால் அது ஒரு காலாண்டின் நட்டம். இவருக்கு அது மருந்துச் செலவு. குறிப்பின் எல்லை தெரியாததாலும் இழப்பு வரும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டியை ரிசர்வ் வங்கி தீர்மானிப்பதில்லை, நிதி அமைச்சகம் காலாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கிறது. 2025 முழுவதும் ரெப்போ 1.25 சதவீதம் இறங்கியபோது அந்தத் திட்டத்தின் வட்டி 8.2 சதவீதத்திலேயே நின்றது. ரெப்போச் செய்தியைக் கேட்டு அவசரப்பட வேண்டிய காரணம் அதில் இல்லை.

நிபந்தனையைத் திறந்து சொல்வது குறிப்பு தருபவரின் கடமை என்று கொள்வதே நேர்மை. எந்தப் பணவீக்க எண் எத்தனை மாதம் நின்றால், எந்த ஆபத்து விலகினால் என்று சொல்லிவிட்டால், யானை, குதிரை என்ற உவமையை அவிழ்க்கும் திறமைக்கு விலை குறையும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் திசையில் கொஞ்சம் போகிறது. இலக்கு எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது, வாக்குகள் பெயரோடு வெளியாகின்றன. ஆனால் பணவீக்கம் மூன்று காலாண்டு தொடர்ந்து வரம்பு மீறினால் வங்கி அரசுக்குக் காரணம் எழுத வேண்டும் என்ற விதிப்படி 2022 நவம்பரில் அனுப்பிய கடிதம் அப்போது பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. வைப்புத்தொகைக்காரரும் தொழிற்சாலைக்காரரும் வங்கியின் நெறியை அதன் சொந்த வாயால் கேட்டிருக்கக்கூடிய இடங்களில் அது ஒன்று.